பஜ்ஜித் தாளில் வந்த பிழை

ஆவரைப்பேரிக்குள் பிழை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு. வந்ததும் அது நேராகத் தையல்காரர் மைதீன் பாயின் கடைக்குத்தான் போனது, ஏனென்றால் அந்த நேரத்தில் கழுத்தில் டேப்போடு உட்கார்ந்திருந்த ஆள் ஊரிலேயே அவர் ஒருவர்தான். அவர் போஸ்ட்மாஸ்டரின் இடுப்பை அளந்து முப்பத்தாறு என்று சொல்லி, நோட்டைத் தேடி எடுப்பதற்குள் மறந்துபோய், மறுபடி அளந்தால் முப்பத்தெட்டு.

"சார், மூச்சை விட்டுட்டியளோ?"

"நான் எங்கவே விட்டேன்? நீரு டேப்பை எடுத்ததுல இருந்து நான் மூச்சே விடல."

மூன்றாம் தரம் முப்பத்தைந்தரை. நான்காம் தரம் முப்பத்தேழு. மைதீன் பாய் டேப்பைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், தன் முழங்கையிலேயே வைத்துப் பார்த்தார், அதுவும் ஒரு தரம் இருந்த மாதிரி மறு தரம் இல்லை. கடைசியில், "எல்லாத்துக்கும் நடுவுல ஒண்ணா வெட்டுதேன் சார், நீங்க ஒரு பெல்ட்டு போட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்தார்.

இதை மாடத்தி அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு பேருக்கு நடித்துக் காட்டிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜிக்கடை போட்டிருக்கும் பூலம்மாளின் ஒரே மகள் அவள், பதினெட்டு முடிந்து நாலு மாதம், ஊரில் யார் குரல் வேண்டுமானாலும் அவள் தொண்டையில் கிடைக்கும். கண்டக்டர் குரலில் "தென்காசி ஏறு, தென்காசி ஏறு" என்று அவள் கத்தினால் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து ஓடுவார்கள். ஓடினவர்கள் திரும்பி வந்து, "எட்டி, உனக்கு நல்ல சாவு வராதுட்டி" என்று சொல்லி, மிச்ச டீயைக் குடித்துவிட்டு, "சரி, இன்னொரு தரம் கத்து பாப்போம்" என்பார்கள்.

ஆனால் மைதீன் பாயின் மூன்றாம் தரத்தையும் நான்காம் தரத்தையும் நடித்துக் காட்டும்போது மாடத்திக்குச் சிரிப்புக்கு நடுவிலே தன் உயரம் ஞாபகத்துக்கு வந்தது. பெண் போலீஸுக்கு எழுத்துத் தேர்வில் அவள் பாஸ். ஓட்டத்துக்கும் தாண்டலுக்கும் பயமில்லை. உயரம் மட்டும் நூற்று ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர் வேண்டும். மாடத்தி நூற்று ஐம்பத்தெட்டு புள்ளி இரண்டு. எட்டே எட்டு மில்லிமீட்டர், ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம். அதற்காக அவள் வேப்பமரக் கிளையில் தொங்கினாள், பனங்கிழங்கு தின்றாள், இரண்டு கால்களையும் இரண்டு பேரைப் பிடித்து இழுக்கச் சொன்னாள், வாசல் நிலையில் கரிக்கோடு போட்டுப் போட்டு நிலையே கறுத்துப்போனது, அந்த எட்டு மில்லிமீட்டர் மட்டும் கல் மாதிரி அப்படியே கிடந்தது.

இப்போது முப்பத்தாறு முப்பத்தெட்டாகிற ஊரில், நூற்று ஐம்பத்தெட்டு என்னவாகும்?

பிழை எங்கிருந்து வந்தது என்று ஊரில் யாரும் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு மேற்கே பாறையைக் குடைந்து ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. அதற்குள்ளே தலைமுடியை விட மெல்லிசான கம்பியில் இரண்டு சின்னக் குண்டுகள் தொங்கும், பக்கத்தில் இரண்டு பெரிய ஈயக் குண்டுகள் இருக்கும். பெரிசு சின்னதை எவ்வளவு இழுக்கிறது, உலகத்தில் எந்தப் பொருளும் எந்தப் பொருளை எவ்வளவு இழுக்கிறது என்கிற ஒரே ஒரு எண்ணை அளக்கத்தான் பதினோரு வருஷமாக டாக்டர் ஞானசிகாமணி அங்கே உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர்களுக்கு அது குண்டு ஆபீஸ். ஒரு நாளைக்கு ஓர் அளவு, ஓர் அளவுக்கு ஒரு தாள். முந்தின அளவுகளோடு சேர்ந்து வருகிற தாள் கோப்புக்குள் போகும். மேலேயோ கீழேயோ துள்ளி விழுகிற தாளின் மேல் அவர் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, "இது கணக்கில் இல்லை" என்று கூடையில் போடுவார். லாரி போனால் துள்ளும், மழை பெய்தால் துள்ளும், சில நாள் ஒன்றுமே இல்லாமல் துள்ளும், அவரும் சளைக்காமல் அடித்துக்கொண்டே இருந்தார், பதினோரு வருஷத்தில் அடித்த தாள் முந்நூற்றுப் பன்னிரண்டு. அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள் அவ்வளவையும் வாட்ச்மேன் ஒரே சாக்கில் கட்டி, "சுத்தமான தாளு பூலம்மா, ஒரு பக்கம் எழுதவே இல்ல" என்று கொண்டுவந்து போட்டுவிட்டு, நாலு வாழைக்காய் பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார். அந்தத் தாளில் சுற்றிக் கொடுத்த பஜ்ஜியைத்தான் ஊர் தின்றது. எந்த வீட்டுக்குள் அந்தத் தாள் போனதோ அந்த வீடு அளவுக்கு நிற்காமல் போனது.

இதை முதலில் கண்டுபிடித்தது பூக்காரி கோமு. பிழை வந்து பத்தாம் நாள், முழம் போட்டுக்கொண்டே, "பஜ்ஜித் தாளு உள்ள வீட்டுலதான் இந்தக் கூத்து, இல்லாத வீட்டுல இல்ல" என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டாள். அவளுக்கு இதில் ஆச்சரியமே கிடையாது. "என் முழம் என்னைக்கு ஒண்ணுபோல இருந்திச்சு? கல்யாண வீட்டுக்கு ஒரு முழம், கடன்காரிக்கு ஒரு முழம். இப்போ ஊரே என் கைக்கு வந்துட்டு, அவ்வளவுதான்."

தாளைத் தூக்கி எறிந்திருக்கலாம். யாரும் எறியவில்லை. அதில் எண் எழுதியிருந்தது, சிவப்புக் கோடு இருந்தது, ஏதோ ஆபீஸ் சமாச்சாரம், பின்னால் யாராவது வந்து கேட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு வீட்டிலும் அதைக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தார்கள். செருகி வைத்துவிட்டு அதோடு வாழப் பழகினார்கள். மைதீன் பாய் எதையும் மூன்று தரம் அளந்து கூட்டி மூன்றால் வகுத்தார். அவரைப் பார்த்து ஆசாரி வகுத்தார், ஆசாரியைப் பார்த்துக் கொத்தனார் வகுத்தார், ஒரு மாதத்துக்குள் ஆவரைப்பேரியில் சின்னப் பிள்ளைகள்கூட கோலிக்குண்டு தூரத்தை மூன்று தரம் ஜாண் போட்டார்கள், "மூணு தரம்" என்பது ஊரில் சத்தியம் மாதிரி ஆனது, பெண் பார்க்க வந்தவர்களிடம் "மூணு தரம் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு தரம் பார்த்தால் பெண் உயரம், மறு தரம் பார்த்தால் மாப்பிள்ளை உயரம். பள்ளி மைதானத்தில் நூறு மீட்டர் சில நாள் தொண்ணூற்றாறு மீட்டராக இருந்ததில் ஒரே வாரத்தில் ஏழு சாதனைகள் முறியடிக்கப்பட்டன, அடுத்த வாரம் அது நூற்று மூன்றாகி எல்லாரும் நொண்டிகளானார்கள். ஆசாரி செய்த கதவு மார்கழியில் ஒரு நாள் நிலைக்குள் போகாமல் நின்று, அந்த வீட்டுக்காரர் கதவைப் பார்த்து, "சரிய்யா, நீ எப்போ நிறையுதியோ அப்போ வா" என்று சொல்லிவிட்டுத் துண்டை விரித்து வாசலில் உட்கார்ந்துகொண்டார், முக்கால் மணி நேரத்தில் கதவு தானாக வந்து பொருந்தியது.

எல்லாம் சரிதான், ஆனால் யாருக்கும் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படும், கொஞ்ச நேரத்தில் படாது. தெரு சில நாள் நீண்டு கிடக்கும், அன்றைக்குப் பால்காரர் வேர்த்து விறுவிறுத்து வருவார். சட்டையை மாட்டிக் கழற்றி, செருப்பை மாட்டிக் கழற்றி, நிலையில் குனிந்து நிமிர்ந்து, ஊரே பஸ்ஸுக்கு நேரமான ஆளைப் போலத் திரிந்தது.

பூலம்மாள் வீட்டுக்கு மட்டும் எந்தத் தொந்தரவும் இல்லை. பஜ்ஜி போடுகிறவள் வீட்டில் பஜ்ஜி தின்பார்களா? எண்ணெய் வாடையே ஆகாது. மாடத்தியின் எட்டு மில்லிமீட்டரும் அசையாமல் கிடந்தது. கோமு சொன்னதைக் கேட்ட அன்றைக்கே அவள் கடைக்கு ஓடி, ஆணியில் குத்தியிருந்த தாள்களைத் தேடினாள். ஒன்றே ஒன்று மிச்சம், இருநூற்றுப் பன்னிரண்டாம் தாள். நாலு வாழைக்காய் பஜ்ஜியை அதில் சுற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றாள்.

"என்னட்டி இது? நம்ம கடைப் பஜ்ஜியையா திங்க?" என்றாள் பூலம்மாள், கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி.

"ருசியாத்தான் இருக்கு."

"பொய் சொல்லாத. உன் கண்ணுல தண்ணி வருது."

மறுநாள் வாசல் நிலையில் நின்றாள். நூற்று அறுபது புள்ளி ஒன்று. மாடத்தி போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சாயங்காலம் நின்றாள். நூற்று ஐம்பத்தாறு புள்ளி ஏழு. அன்றிலிருந்து அவள் பாதி நேரம் போலீஸ், பாதி நேரம் இல்லை. நடக்கும்போதே பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறும், இறங்கும். எந்த நிமிஷம் உயர்வாள், எந்த நிமிஷம் தணிவாள் என்று அவள் மணி பார்த்து எழுதினாள், சாப்பாடு பார்த்து எழுதினாள், அதில் ஓர் ஒழுங்கும் இல்லை. பிழை அவளுக்கு வேண்டியதும் இல்லை, வேண்டாததும் இல்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது பாறைக்குள்ளே டாக்டர் ஞானசிகாமணி வாழ்க்கையிலேயே முதல் முறையாகச் சந்தோஷமாக இருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவருடைய எண் கடைசி இலக்கம் வரை அசையவில்லை. லாரி போனாலும் அதே எண், இடி விழுந்தாலும் அதே எண். ஆபீஸில் கேசரி கிண்டிக் கொடுத்தார். கட்டுரை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார். மூன்று மாதம் கழித்து நாலே வரியில் பதில் வந்தது: தங்கள் அளவு அழகாக இருக்கிறது, ஆனால் அதில் பிழை பூஜ்யம் என்று எழுதியிருக்கிறீர்கள், பிழையே இல்லாத அளவை நாங்கள் கண்டதில்லை, கண்டாலும் நம்ப முடியாது, ஏப்ரல் முப்பதுக்குள் பிழையோடு அனுப்பவும்.

அவர் அந்தக் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். நாலாம் நாள், அடித்த தாளெல்லாம் எங்கே போயின என்று வாட்ச்மேனிடம் கேட்டறிந்து, மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குள் இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "அம்மா, உங்க வீட்டுல இருக்கறது என்னோட பிழை. நான்தான் அடிச்சுத் தூக்கிப் போட்டேன். தப்பு என்மேல. தயவுசெஞ்சு திருப்பிக் குடுத்துடுங்க" என்று கேட்டார். இப்படிக் கேட்டு வந்த மனுஷரை ஊர் அதுவரை பார்த்ததில்லை, கொடுத்தார்கள். மைதீன் பாய் மட்டும், "பழகிட்டு சார், இனி ஒரே தரத்துல அளந்தா கை என்னமோ மாதிரி இருக்கும்" என்று கொஞ்சம் முகம் வாடினார். தாளை வாங்கிப் போய் அதிலுள்ள எண்ணை ஞானசிகாமணி பேரேட்டில் மறுபடி நீல மையில் எழுதுவார். எழுதி முடித்த நொடியில் இங்கே அந்த வீட்டுக் கதவு 'டப்' என்று நிலைக்குள் உட்காரும், அங்கே பாறைக்குள் எண்ணின் கடைசி இலக்கம் லேசாகத் துடிக்கும். முந்நூற்றுப் பதினொரு தாள் வந்துசேர்ந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் தாள் மட்டும் வரவில்லை.

அவர் பஜ்ஜிக்கடைக்கு மூன்று தரம் வந்தார். முதல் தரம் மூடின தட்டிக்குப் பின்னாலிருந்து மாடத்தி வாட்ச்மேன் குரலில், "சார், அந்தத் தாளை எலி கொண்டுபோயிட்டு சார்" என்றாள். இரண்டாம் தரம் கோமு குரலில், "எலி இல்ல, பெருச்சாளி" என்றாள். மூன்றாம் தரம் ஞானசிகாமணியின் குரலிலேயே, "ஐயா ஞானசிகாமணி, விட்டுத் தள்ளுமய்யா, ஒண்ணு போனா என்ன?" என்றாள்.

"அதைத்தான் பதினோரு வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தேன்மா," என்றார். "ஒண்ணு போனா என்னன்னு. இதே குரல்லதான்."

தட்டிக்குப் பின்னால் மாடத்தி தாளை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள்.

உயரம் பார்க்கும் நாள் ஏப்ரல் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை, ஆவரைப்பேரிப் பள்ளி மைதானத்திலேயே. மாவட்ட மைதானத்தில் மண் போடுகிறார்களாம், அதனால் இந்த வருஷம் இங்கே. ஐந்து ஊர்ப் பெண்கள் வந்திருந்தார்கள், கூடவே அவர்கள் வீட்டு ஜனம், ஜனத்தைப் பார்த்துப் பூலம்மாளும் அடுப்போடு வந்திருந்தாள். மாடத்தி வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவளின் பின்னல் ஒரு சமயம் அவள் மூக்குக்கு நேரே இருந்தது, ஒரு சமயம் கண்ணுக்கு நேரே இருந்தது. காலை மாற்றி மாற்றி வைத்தாள். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் எரிந்தது. அவள் முறை வந்ததும் எஸ்.ஐ. அளவுக் கம்பத்தின் பலகையை அவள் உச்சந்தலையில் இறக்கினார்.

"நூத்தம்பத்தேழு புள்ளி ஒம்போது. அடுத்த ஆள்."

"சார், மூணு தரம்."

"என்னது?"

"மூணு தரம் அளக்கணும் சார். எங்க ஊருல அப்பிடித்தான்."

"உங்க ஊருல அப்பிடியா? கம்பம் எங்க ஊருல இருந்து வந்திருக்கும்மா. தள்ளு. வேணும்னா அப்பீல் எழுதிக் குடு, மூணு மணிக்கு டி.எஸ்.பி. மேடம் வருவாங்க."

மாடத்தி எழுதிக் கொடுத்தாள். அவள் எழுத்தும் நூற்று ஐம்பத்தெட்டுக்கும் அறுபதுக்கும் நடுவே ஆடியது. வேலியோரம் வந்து உட்கார்ந்தபோது அங்கே மஞ்சள் பையோடு ஞானசிகாமணி நின்றிருந்தார். அவளால் எந்தக் குரலும் எடுக்க முடியவில்லை, தன் குரலைத் தவிர.

"தாளு என்கிட்டதான் இருக்கு சார். இடுப்புல செருகியிருக்கேன்."

"தெரியும்மா. நீ நடந்து வரும்போதே தெரிஞ்சிது. நாளைக்குள்ள நான் அனுப்பணும்."

"இப்போ குடுத்தா நான் நூத்தம்பத்தெட்டு புள்ளி ரெண்டு. நிச்சயமாத் தோத்துப் போவேன். வச்சுக்கிட்டா ஒருவேளை ஜெயிப்பேன். மூணு மணிக்கு அப்புறம் தாரேன். சத்தியமா தாரேன். ஆனா அதுக்கு முந்தி நீங்க என்னை அளக்கணும்."

"நானா?"

"பதினோரு வருஷமா ஒரே எண்ணை அளந்த ஆளு நீங்கதானே. அந்த எஸ்.ஐ. ஒரே தரம் அளந்தாரு சார். ஒரே தரம்!"

ஞானசிகாமணியின் முகம் சிவந்தது. "ஒரே தரமா?" என்றார். "ஒரே தரம் அளந்தா அது அளவா? ஒரு தரம் அளந்து ஒரு பொண்ணை வீட்டுக்கு அனுப்புவாங்களா?" சட்டைக் கையை மடித்துவிட்டார். பள்ளிக்கூடச் சுவரில் ஆசாரி ஒரு சட்டத்தை நிறுத்தினார், மைதீன் பாய் டேப்பை நேராகப் பிடித்தார், கோமு பூக்கூடையை இறக்கிவிட்டு எண்ணை உரக்கச் சொல்லும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். நடுப்பகல் பன்னிரண்டிலிருந்து நாலு நிமிஷத்துக்கு ஒரு தரம் மாடத்தி சுவரில் நின்றாள். செருப்பில்லாமல், மூச்சை இழுக்காமல், குதிகால் ஒட்டி. நூத்தம்பத்தொம்போது புள்ளி நாலு, என்றாள் கோமு. நூத்தம்பத்தெட்டு புள்ளி ஆறு. நூத்தியறுபத்தொண்ணு! என்றதும் கூட்டம் கைதட்டியது. நூத்தம்பத்தஞ்சு புள்ளி எட்டு, என்றதும் கோமுவே குரலைத் தணித்துக்கொண்டாள். வெளியூர்ப் பெண்களும் அவர்கள் அம்மாக்களும் வந்து சுற்றி நின்றார்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் கூட்டம் நிமிர்ந்தது, குனிந்தது, பூலம்மாளின் அடுப்பில் ஒரு ஈடு பஜ்ஜி கருகியது, யாரும் கவனிக்கவில்லை.

இரண்டே முக்காலுக்கு நாற்பத்தோரு அளவு ஆகியிருந்தது. ஞானசிகாமணி கூட்டி வகுத்தார். நூற்று ஐம்பத்தெட்டு புள்ளி ஏழு. கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது, பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி.

"ரொம்பக் கீழ விழுந்தது ஆறுதானே சார்," என்றார் மைதீன் பாய், மெதுவாக. "அந்த ஆறை மட்டும் அடிச்சுட்டா?"

ஞானசிகாமணி ஓரத்தில் போட்டுப் பார்த்தார். நூற்று ஐம்பத்தொன்பது புள்ளி ஒன்று.

"அடிங்க சார்!" என்றது கூட்டம். "அது வெயிலுக்குச் சுருங்கினது, அடிங்க!" "ஒரு தரம் அவ தும்மினா, நான் பாத்தேன், அடிங்க!" பூலம்மாள் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஞானசிகாமணியின் கை அவரைக் கேட்காமலே சட்டைப்பைக்குப் போனது, சிவப்புப் பேனாவை எடுத்தது, மூடியைக் கழற்றியது. பதினோரு வருஷப் பழக்கம், கை தாளின் மேல் வந்து நூற்று ஐம்பத்தைந்து புள்ளி எட்டுக்கு நேராக நின்றது.

மாடத்தி அந்தக் கையைப் பார்த்தாள். ஒரு கோடு, அவ்வளவுதான். அதற்கு அந்தப் பக்கம் காக்கிச் சட்டை இருந்தது, மாதா மாதம் சம்பளம் இருந்தது, அம்மா கையில் எண்ணெய் தெறிக்காத வாழ்க்கை இருந்தது. அவள் வாய்க்குள் ஊரிலுள்ள எல்லாக் குரல்களும் ஒரே நேரத்தில் "அடிங்க சார்" என்றன. அவள் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறி இறங்கியது.

அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்க சார்."

"எட்டி, உனக்குக் கிறுக்கா?" என்றாள் கோமு.

"அடிச்சா அது எங்க போகும் அக்கா? இங்கனதான் சுத்தும். ஆறு வீட்டுக்குள்ள போகும். எவ வீட்டுப் பிள்ளையாவது நாளைக்கு இதே சுவத்துல வந்து நிக்கும், அது தலையில போய் உக்காரும். முந்நூத்திப் பன்னெண்டோட நாம பட்டது போதாதா?" அவள் தன்னையே கேலி செய்வது போல மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இருக்கறதை இருக்கறபடி எழுதுங்க. தோத்தாத் தோத்துட்டுப் போறேன்."

ஞானசிகாமணி சிவப்புப் பேனாவை மூடி, அதை மாடத்தியின் கையிலேயே கொடுத்துவிட்டு, நீலப் பேனாவால் எழுதினார்: நூற்று ஐம்பத்தெட்டு புள்ளி ஏழு, கூட்டினாலும் குறைத்தாலும் அரை சென்டிமீட்டர்.

டி.எஸ்.பி. மேடம் மூன்று மணிக்கு ஜீப்பிலிருந்து இறங்கினார். தாளை வாங்கி மேலிருந்து கீழே ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இது யார் எழுதினது?"

"நான்தான் மேடம்," என்றார் ஞானசிகாமணி.

"இதுல நூத்தம்பத்தொம்போது இருக்கா?"

"இருக்கு மேடம். நூத்தம்பத்தெட்டரையும் இருக்கு."

"ஆளைச் சேக்கச் சொல்லிக் கேக்கறீங்க, கூடவே சேக்க முடியாததையும் எழுதித் தர்றீங்க." விரல் நூற்று ஐம்பத்தைந்து புள்ளி எட்டில் நின்றது. "இதை ஏன் அடிக்கல?"

அவர் மாடத்தியைப் பார்த்தார். மாடத்தி தரையைப் பார்த்தாள். "அடிச்சா வேற வீட்டுக்குப் போயிரும் மேடம்," என்றாள்.

எஸ்.ஐ. சிரிக்க ஆரம்பித்து, மேடம் சிரிக்காததைப் பார்த்து இருமினார். மேடம் தொப்பியைக் கழற்றி ஜீப்பின் மேல் வைத்தார். "அடிச்ச கணக்கை நிறையப் பாத்திருக்கேன்," என்றார். "ஒரு கோடு இருந்திருந்தாலும் இதைக் கிழிச்சுப் போட்டுட்டு உன்னை அப்படியே அனுப்பியிருப்பேன். நான் அளந்துதான் எழுதணும், அது விதி. எத்தனை தரம்னு விதியில இல்ல." எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். "இந்த ஊருல எத்தனை தரம்?"

"மூணு!" என்றது மைதானம்.

பலகை இறங்கியது. நூற்று ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்று. யாரோ பல்லைக் கடித்த சத்தம் கேட்டது. பலகை ஏறி இறங்கியது. நூற்று அறுபது புள்ளி நாலு. மைதீன் பாய் விரல்விட்டுக் கூட்டிக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் தரம் பலகை இறங்கும்போது மாடத்தி நிமிரவும் இல்லை, கெஞ்சவும் இல்லை, பிழை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யட்டும் என்று நின்றாள். நூற்று ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்பது.

"வகுத்தா நூத்தம்பத்தொம்போது புள்ளி ஒண்ணு!" என்று கத்தினார் மைதீன் பாய், எஸ்.ஐ. பேனாவைத் திறப்பதற்கு முன்னாலேயே. பூலம்மாள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

வாக்கு வாக்குதான். கூட்டம் கலைவதற்கு முன்பே மாடத்தி இடுப்பிலிருந்து தாளை எடுத்து ஞானசிகாமணியிடம் நீட்டினாள். அவர் விரித்தார், வெயிலில் பிடித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தார். நாலு பஜ்ஜியின் எண்ணெயும் நாலு மாத வேர்வையும் ஊறி, தாள் கண்ணாடி மாதிரி இருந்தது, அதன் வழியே பள்ளிக்கூடக் கொடிக்கம்பம் தெரிந்தது. சிவப்புக் கோடு இருந்தது, அளவு எண் அழிந்துபோயிருந்தது.

"எதையாவது எழுதிக்கிடுங்க சார்," என்றார் எஸ்.ஐ., அவருக்கும் இப்போது இதில் ஒரு பங்கு வந்துவிட்டிருந்தது. "ஒரு எண்ணுதானே."

"அது முடியாது," என்றார் ஞானசிகாமணி. தாளை நாலாக மடித்துத் திருப்பி அவளிடமே கொடுத்தார். "இதை நீதான் வச்சுக்கணும் போலிருக்கும்மா. ஆயுசுக்கும் ஆடிக்கிட்டேதான் இருப்பே. பரவாயில்லையா?"

"எனக்கு என்னைக்கு சார் ஓரிடத்துல நிக்கத் தெரிஞ்சிது?"

மறுநாள் கட்டுரை போனது. முந்நூற்றுப் பதினொரு தாளின் நடுக்கத்தையும் சேர்த்துப் பிழை இவ்வளவு என்று அதில் இருந்தது, கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: விலக்கப்பட்ட அளவுகள் 312, மீட்கப்பட்டவை 311, மீதி ஒன்று காவல்துறையில் இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் அந்த வரிக்கு விளக்கம் கேட்டு இரண்டு தரம் எழுதினார்கள். மூன்றாம் தரம் எழுதவில்லை, அச்சடித்துவிட்டார்கள்.

பயிற்சிப் பள்ளியில் காலை ஐந்தரைக்கு விசில் ஊதினால் எல்லாரும் உயரப்படி வரிசையில் நிற்க வேண்டும். முதல் நாள் மாடத்தி பதினேழாவதாக நின்றாள். ஹவில்தார் அம்மா வரிசையின் கடைசிக்குப் போய்த் திரும்புவதற்குள் அவள் இருபத்திரண்டாவதாக நிற்க வேண்டியவளாக இருந்தாள். "யாருட்டி அது வரிசையைக் கெடுக்கறது?" என்று ஹவில்தார் அம்மா கத்தினார். அந்தக் கத்தலை மாடத்தி அன்று மதியமே சாப்பாட்டுக் கூடத்தில் கத்திக் காட்டி, மைதானத்தை ஆறு சுற்று ஓடினாள். இரண்டாம் வாரம் ஹவில்தார் அம்மா கத்துவதை விட்டார். மூன்றாம் வாரத்திலிருந்து பதினேழுக்குப் பக்கத்தில் ஓர் இடம், இருபத்திரண்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம் என்று இரண்டை வெறுமனே விட்டுவைத்து, விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "மாடத்தி, இன்னைக்கு எங்கம்மா நிக்கப் போறே?" என்று கேட்டுக்கொண்டுதான் அணிவகுப்பைத் தொடங்குகிறார்.